வெள்ளைக் காகமும் வாலிழந்த குருவியும்

துணிந்து பொய் பேசுபவனைக் கண்டால், "வெள்ளைக் காகம் பறக்கிறது என்பான்" என்று எம்மவர் நகையாடுவது வழக்கம். நடவாத காரியத்துக்கு எம் முன்னோர் தேடிப் பிடித்த உவமை அது. ஆனால் வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எமக்கு எழுதியுள்ள கடிதத்தைப் படித்த பின்னர், அவ்வுவமையை இனிச் சற்று அடக்கத்துடன் வழங்குவதே நன்று என்று தோன்றுகிறது.

ஒரு மாத காலமாக அவர் வீட்டுக் கிணற்றடிக்கு வரும் காகங்களுள் ஒன்றுக்கு இரு சிறகுகளிலும் வெள்ளை இறகுகள் உள்ளனவாம். மதிலில் அமர்ந்திருக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. பறக்கும்போது கரும்பலகையில் வெண்கட்டியால் கோடிழுத்தாற்போல் தெரிகிறதாம். மாமியார் அதனை அபசகுனம் என்கிறார். அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், அது நோய் பிடித்த காகம், அதன் நிழலும் பிள்ளைகள்மேற் படலாகாது என்கிறார். வீட்டின் மூத்த பையனோ கெற்றப்போலும் கையுமாக நிற்கின்றான். "பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை அடிக்காதே என்று தடுத்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து விரைவில் எழுதுங்கள்" என்று சகோதரி முடித்திருக்கிறார்.

ஓர் உயிரின் காரியம் ஆகையால், தீர்ப்பை முதலிற் கூறிவிட்டுக் காரணங்களைப் பின்னர் விளக்குவோம். தம்பி, கெற்றப்போலைக் கீழே வை. அக்காகத்தின் வெண்மை எவருக்கும் தொற்றாது. எவர் வீட்டுக்கும் எத்தீங்கும் கொணராது. காகம் வாய் வைத்த தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாகாது என்பது உண்மையே. ஆயின் அது எல்லாக் காகங்களுக்கும் பொதுவான சுகாதார விதி. இந்த ஒன்றுக்கு மாத்திரம் உரியதன்று.

அதே வாரத்தில் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அன்பரும் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு முற்றத்துக்கு வரும் மைனா ஒன்றின் தலையில் ஓர் இறகு தானும் இல்லை, மஞ்சள் நிறத் தோல் மட்டும் தெரிய, கிழட்டுப் பிணந்தின்னிக் கழுகைப் போலக் காட்சியளிக்கிறது, பிள்ளைகள் அஞ்சுகின்றனர், இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார். இரு கடிதங்களுக்கும் சேர்த்தே இவ்வாரம் விடை கூற எண்ணுகிறோம். கூறுமுன் இறகு என்பது யாது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது பயன் தரும்.

இறகு எமது நகத்தையும் மயிரையும் போன்ற ஒரு பொருள். கெரற்றின் எனப்படும் புரதமே அதன் பெரும்பகுதி. தோலிலுள்ள சிறு குழியிலிருந்து முளைத்து வளரும்போது அதனுள்ளே குருதி ஓடும். வளர்ச்சி முற்றியதும் குருதி வற்றி, உயிரற்ற பொருளாகிவிடும். அதன்பின் அதற்குச் சாயமேற்றவோ, முறிந்ததைப் பொருத்தவோ பறவையால் இயலாது. பழைய இறகு கழன்று புதியது முளைக்கும் காலம்வரை, உள்ளதைக் கொண்டே அது காலந்தள்ள வேண்டும். இவ்வாறு இறகு மாற்றுவது பெரும்பாலான பறவைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, குஞ்சு வளர்க்கும் வேலை ஓய்ந்த பின்னர் நிகழ்கின்றது. அக்காலத்தில் அழகிய பறவைகளும் அலங்கோலமாகத் தோன்றும்.

ஆகவே ஓர் இறகு எமக்குக் காட்டுவது, அது முளைத்துக்கொண்டிருந்த நாட்களில் அப்பறவை இருந்த நிலையையே. வாசகர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

இனிக் காகத்துக்கு வருவோம். காகத்தின் கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். எமது தலைமயிருக்குக் கருமை தருவதும் இதுவே. இறகு முளைக்கும்போது நிறவணுக்கள் இப்பொருளை அதனுள் இட்டு நிரப்புகின்றன. இஃது அழகுக்கு மட்டுமன்றி உறுதிக்கும் உதவுகிறது. மாரி காலத்தில் மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் காணும் கடற்காகங்களைப் பாருங்கள். உடல் வெண்மையாயிருப்பினும், காற்றோடு மிகுதியாக உராயும் சிறகின் நுனி கரியதாயிருக்கும். மெலனின் உள்ள இறகு எளிதில் தேயாது. வெள்ளிறகு விரைவில் நைந்து நுனி கிழிந்துவிடும். வெள்ளைக் காகத்தின் சிறகு சில வேளை பழைய விளக்குமாறு போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இந்நிறப்பொருள் இல்லாமற் போவதற்கு வழிகள் பல. வெண்மையான பறவை எதனைக் கண்டாலும் ஒரே பெயரால் அழைத்துவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் திறிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பறவைத் தொகுதியைப் பராமரிக்கும் ஹைன் வான் குரௌ என்பவர், 2006 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கம் பிழையென எடுத்துக்காட்டி, வகை வகையாகப் பிரித்து விளக்கினார்.

முதலாவது, மெலனினை உண்டாக்கும் ஆற்றலே பிறவியில் அற்ற நிலை. இப்பறவைக்கு உடல் முழுவதும் வெண்மை. கண்களோ குருதி தெரியும் செந்நிறம். கண்ணில் நிறப்பொருள் இல்லாமையால் வெயிலின் கூச்சத்தை அதனால் தாங்க இயலாது, பார்வையும் மங்கல். இரையையும் எதிரியையும் சரிவரக் காணமாட்டாத பறவை காட்டில் எத்தனை நாள் வாழும்? அநேகமாக இளமையிலேயே மடிந்துவிடும். இரண்டாவது, நிறவணுக்கள் இறகுக்கு வந்து சேராத பிறவிக் குறை. இதில் உடல் முழுவதுமோ ஒரு பகுதியோ வெளுத்திருக்கும்; கண் மட்டும் கறுப்பாகவே இருக்கும்; பார்வையிற் குறைவில்லை. மூன்றாவது, எமக்கு நரை திரள்வது போல, கரிய பறவை ஒன்று இறகு மாற்றுந்தோறும் சிறிது சிறிதாக வெளுத்துச் செல்வது.

நான்காவது காரணம் பசி. வவுனியாக் காகத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகலாம் என்பது எம் ஊகம். ஏனெனில் வெண்மை சிறகிறகுகளில் மாத்திரம், குறுக்குப் பட்டைகளாக உள்ளதென்று சகோதரி குறிப்பிட்டிருக்கிறார். கூட்டிலிருக்கும் குஞ்சுக்குச் சிறகிறகுகள் யாவும் ஒரே காலத்தில் முளைக்கின்றன. சில வாரங்களுக்குள் அத்தனை இறகையும் ஆக்குவதற்குப் புரதம் மிகுதியாக வேண்டும். புழு, பூச்சி, தவளை, முட்டை என்று தாயும் தந்தையும் கொணர்ந்தால் குறைவில்லை. பாண் துண்டும் பழஞ்சோறுமே கிடைத்தால் வயிறு நிறையும், இறகு நிறையாது. இறகு எப்படியோ வளர்ந்துவிடும். நிறம் மட்டும் விடுபட்டுப்போகும். ஐரோப்பிய நகரங்களிலுள்ள காகங்களில் இத்தகைய வெண்பட்டைகள் அடிக்கடி காணப்படுகின்றன. வளர்ந்து, தானே இரைதேடி நல்லுணவு பெற்ற பின், அடுத்த முறை முளைக்கும் இறகுகள் கருமையாகவே வருவதுண்டு. அதுவரை, கூட்டிற் பட்ட பசியின் அடையாளத்தை அக்காகம் ஏறக்குறைய ஓராண்டு காலம் சிறகிற் சுமந்து திரிய வேண்டியதுதான்.

புரட்டாதிச் சனியில் எள்ளுச் சோறு வைத்துக் கா கா என்று கூவி அழைத்து, அது வந்து தொட்ட பின்னரே உணவு கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. அன்று வரும் காகத்தின் சிறகை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஏனைய நாட்களில் மட்டும் கல்லெடுப்பது எவ்வாறு பொருந்தும் என்று மாமியாரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்குமாறு சகோதரியை வேண்டுகிறோம்.

நிறம் மாறியது எல்லாம் குறை என்று கொள்வதும் தவறு. இயற்கையிலேயே சில பறவைகள் உடை மாற்றிக்கொள்கின்றன. முருங்கைப் பூவுக்கு வரும் ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனம் பெருக்கும் காலத்தில் மினுமினுக்கும் கருநீல உடலோடு திரியும். அக்காலம் கழிந்ததும் பெண்ணைப் போல மஞ்சளாகி, மார்பின் நடுவே ஒரு கருங்கோடு மாத்திரம் எஞ்சும். இடைப்பட்ட நாட்களில் அது திட்டுத்திட்டாகக் காணப்படுவதைக் கண்டு நோய் என்று இரங்குவோர் உளர். நீண்ட வாலையுடைய அரசவால் ஈப்பிடிப்பானில், இந்நாட்டிலேயே வாழும் ஆண் செம்மண்ணிறம் உடையது. மாரியில் இந்தியாவிலிருந்து வரும் இனத்தில் வயது முதிர்ந்த ஆணோ, கருந்தலையும் தூய வெள்ளுடலும் உடையது. சிங்கள மக்கள் வெள்ளைப் பறவையை ரெதி ஹொரா, அதாவது துணிக் கள்ளன் என்பர். நீண்ட வெள்ளை வால் பின்னே அலைய அது பறப்பது, துணியைத் திருடிக்கொண்டு ஓடுவது போலிருப்பதால் வந்த பெயர். குயிலில் ஆண் கருமையாகவும் பெண் புள்ளி நிறைந்த கபில நிறமாகவும் இருப்பதை அறியாது, புள்ளிக் குயிலைக் கண்டு வியப்போரும் உளர்.

கிளியின் கதை வேறு வகையானது. கிளியின் இறகிற் பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லை என்றால் வாசகர்கள் நம்பமாட்டீர்கள். இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தோன்றுகிறது. அதன் அடியிலுள்ள மெலனின் அந்நீலத்தை எடுத்துக்காட்டுகிறது. மேலே மஞ்சள் நிறப்பொருள் பரவியுள்ளது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தே எம் கண்ணுக்குப் பச்சையாகின்றன. பிறவியில் மஞ்சள் விடுபட்டால் நீலக் கிளி. மெலனின் விடுபட்டால் மஞ்சட் கிளி. இது நோயன்று. ஆயின் பச்சைக் கிளி ஒன்றிற் புதிதாக அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் இறகுகள் தோன்றி, இறகு உதிர்ந்து, சொண்டும் சிதைந்து வருமாயின் எச்சரிக்கை வேண்டும். கிளிகளைப் பீடிக்கும் ஒரு வைரசு நோய் உண்டு. மனிதருக்கு அது தொற்றாது. இறகுத் தூளாலும் எச்சத்தாலும் ஏனைய கிளிகளுக்குத் தொற்றும். அத்தகைய கிளி கூட்டிலிருந்தால், புண்ணியம் என்று கருதித் திறந்து விடுவது ஊர்க் கிளிகளுக்கெல்லாம் நோயை அனுப்புவதாகும். மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை.

வெள்ளவத்தை அன்பரின் மொட்டைத்தலை மைனாவுக்கு இரு காரணங்கள் கூறலாம். ஒன்று, இறகு மாற்றும் காலத்திற் சிறிது சிறிதாக உதிர வேண்டிய தலையிறகுகள் ஒரேயடியாக உதிர்ந்துவிடுதல். மற்றது, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உண்ணிகள். பறவை தன் உடலெங்கும் சொண்டாற் கோதி உண்ணிகளை அகற்ற வல்லது. தன் தலையை மட்டும் அதனாற் கோத முடியாது, காலாற் சொறியத்தான் முடியும். ஆதலால் உண்ணிகள் தலையையும் கழுத்தையும் புகலிடமாகக் கொள்கின்றன. மைனா ஓடி ஆடி இரை தேடுகிறதாயின் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் சில வாரங்களிற் புதிய இறகு முளைத்துவிடும். பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லி, முளைக்கும் நாளைக் கணக்கிடச் செய்யுங்கள். அச்சம் தானே மறையும்.

இனி எம்மைப் பற்றிய ஒரு செய்தி. கூறுவதற்கு நாணமாக இருப்பினும் கூறாதிருப்பது நேர்மையன்று.

நாம் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், எமது வளவிலே ஒரு குண்டுக்கரிச்சான் வாழ்ந்தது. சிங்களத்திற் பொல்கிச்சா எனப்படும் கருமையும் வெண்மையுமான குருவி அது. விடியுமுன் கிணற்றுத் துலாவின் நுனியிலிருந்து அது பாடத் தொடங்கும். அதன் பாட்டைக் கேட்டே ஆச்சி அடுப்பு மூட்டுவார். ஒரு நாள் எமது வீட்டுப் பூனை அதன்மேற் பாய்ந்தது. குருவி தப்பியது, வால் முழுவதும் பூனையின் வாயில் எஞ்சியது. வாலற்ற குருவி வேலியோரத்திற் பந்து போலத் தத்தித் திரிவதைக் கண்டு எமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. துவாயொன்றை எறிந்து அதனைப் பிடித்தோம். பழைய கிளிக்கூட்டில் இட்டுச் சோறும் வாழைப்பழமும் வைத்தோம். புழு பூச்சி தின்னும் பறவை சோற்றைத் தொடாது என்பது எமக்குத் தெரியாது. அது கம்பிகளில் மோதி மோதிச் சிறகிறகுகளையும் முறித்துக்கொண்டது. மூன்றாம் நாட் காலை கூட்டின் அடியிற் கிடந்தது.

ஆச்சி எம்மை ஏசவில்லை. "விட்டிருந்தால் அது தன்பாட்டைப் பார்த்திருக்கும் மோனை" என்று மாத்திரம் கூறினார். அன்றைக்குப் பின் பல நாள் எமது துலா வெறுமையாகவே நின்றது.

பிற்காலத்திற் படித்து அறிந்ததை ஆச்சி படியாமலே அறிந்திருந்தார். எதிரி வாலைப் பற்றும்போது வாலிறகுகளை எளிதிற் கழன்றுவிட விடுவது குருவிகள் உயிர் தப்பும் உபாயங்களில் ஒன்று. பல்லி வாலை விட்டு ஓடுவதைப் போன்றது. வேரோடு கழன்ற இறகு ஆண்டு முடியும்வரை காத்திராது. உடனே புதியது முளைக்கத் தொடங்கும். சிறு குருவிக்கு ஒன்று ஒன்றரை மாதத்தில் வால் மீண்டுவிடும். நடுவில் முறிந்த இறகுதான் அடுத்த உதிர்வுக் காலம்வரை அப்படியே இருக்கும். எமது குண்டுக்கரிச்சானுக்கு வேண்டியிருந்தது ஒரு மாத அவகாசம் மாத்திரமே. பூனை கொல்லத் தவறிய குருவியை எமது இரக்கம் கொன்றுவிட்டது.

ஆகையால் வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே. இறகு கெட்ட பறவையைக் கண்டால், அது பறக்கிறதா, தின்கிறதா என்று முதலிற் பாருங்கள். பறந்தும் தின்றும் திரியும் பறவையைப் பிடிக்க வேண்டாம். மேலும், எமது நாட்டில் 1937 ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு சிலவற்றைத் தவிர ஏனைய காட்டுப் பறவைகளுக்கெல்லாம் காவலாக உள்ளது. அவற்றைப் பிடித்து அடைப்பது குற்றமுமாகும். செய்யக்கூடிய உதவிகள் வேறு உள. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியை நாள்தோறும் தேய்த்துக் கழுவுங்கள். பூனையைக் காலையிலும் மாலையிலும் உள்ளே வையுங்கள். தைப்பொங்கலோடு பட்டம் ஏற்றும் காலம் ஓய்ந்ததும், மரக்கிளைகளிலே தொங்கும் நூலைப் பிள்ளைகளைக் கொண்டு அகற்றுங்கள். அந்நூலிற் சிக்கிச் சிறகொடிந்து மாளும் பறவைகள் பல.

பிடிக்க வேண்டிய சமயமும் உண்டு. சிறகு தொங்கினால், குருதி சொட்டினால், நூலிற் சிக்கினால், பூனையின் பல் பட்டிருந்தால் தாமதியாது எடுங்கள். பூனைக் கடியின் காயம் வெளியே தெரியாவிடினும் நஞ்சு உள்ளே ஏறிவிடும். துளையிட்ட கடதாசிப் பெட்டியில், மென்துணியின்மேல், இருட்டாக வையுங்கள். வாயிலே தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலுட் சென்றுவிடும். மிருக வைத்தியரிடமோ வனசீவராசிகள் திணைக்களத்தாரிடமோ விரைந்து சேர்ப்பியுங்கள்.

நிறைவாக, வவுனியாத் தம்பிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். நூறு காகங்கள் முற்றத்துக்கு வந்தாலும் இன்னது இன்னதென்று எம்மாற் பிரித்தறிய முடிவதில்லை. உன் வீட்டுக்கு வருவதோ அடையாளத்தோடு வருகிறது. அது எப்போது வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது, எந்த மரத்திற் கூடு கட்டுகிறது என்பவற்றையெல்லாம் உன்னால் எழுதி வைக்க முடியும். இறகு மாறும் காலம் வரும்போது கூர்ந்து பார். புதிய இறகு கருமையாக முளைத்தால், அது குஞ்சாயிருந்தபோது பசி கிடந்த காகம். முன்போலவே வெண்பட்டை வந்தால் பிறவிக் குறை. வெண்மை கூடிக்கொண்டே போனால் நரை. எந்தப் பண்டிதரும் இப்போது கூறமுடியாத விடையை நீ ஓராண்டிற் கூறிவிடலாம். அதற்கு அக்காகம் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவே.

கெற்றப்போலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு கொப்பி வாங்கு. அடுத்த ஆண்டு உன் கையாலேயே எமக்கு எழுது. அக்கடிதத்தை இப்பகுதியில் வெளியிடக் காத்திருக்கிறோம்.